ஊடுருவ முடியாதது யாருக்கு? ஒரு சொல்லும் வன்னி நிலமும்

வன்னியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்: இம்பெனிட்ரபிள். காலனித்துவகாலக் குறிப்புகளில் அது காட்டுக்கு அடைமொழி. யுத்தகாலச் செய்திகளில் அது படைத்தளங்களுக்கும் மண் அணைகளுக்கும் அடைமொழி. இலக்கியம் பற்றிப் பேசும்போது அதுவே புரியாத கவிதைக்கும் அடைமொழியாகிவிடுகின்றது. நாம் இவை அனைத்தையும் ‘ஊடுருவ முடியாத’ என்ற ஒரே தொடரால் மொழிபெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அவ்வாறு போய்விட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஏனெனில் வடபுலத்து முஸ்லிம்களைப் பொறுத்தவரை இது வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்சினையல்ல. ஒரு நிலம் காடா, ஊரா என்ற கேள்விக்கான விடை சிலவேளை ஓர் அடைமொழியிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

1

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்தப் பொருட்பரப்பில் மூன்று சொற்கள் அருகருகே நிற்கின்றன. இம்பெனிட்ரபிள், இம்பேர்வியஸ், இம்பிரெக்னபிள். அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தருவார்கள். வேர்களோ வேறு வேறு.

இம்பேர்வியஸ் என்பதில் இருப்பது ‘வியா’ என்ற இலத்தீன் சொல். பாதை என்பது பொருள். ஊடே செல்லும் பாதை இல்லாதது இம்பேர்வியஸ். நீர் கசியாத களிமண்ணுக்கும், எந்த நியாயமும் உள்ளே போகாத மனிதனுக்கும் இச்சொல் பொருந்தும்.

இம்பிரெக்னபிள் என்பதை ‘கருவுறச் செய்தல்’ என்ற பொருளுடைய சொல்லோடு பலர் தொடர்புபடுத்துவதுண்டு. அது தவறு. பழைய பிரெஞ்சில் ‘கைப்பற்றுதல்’ என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. ஆங்கிலத்துக்கு வந்த பின்னரே ஒரு ‘க்’ ஒலி நடுவில் புகுந்துகொண்டது. எவராலும் பிடிக்க முடியாத கோட்டை என்பதே அதன் மூலப்பொருள்.

இம்பெனிட்ரபிள் இவற்றுள் மிகவும் விசித்திரமானது. அதன் வேர் ‘உள்ளே’ என்ற பொருள் தரும் இலத்தீன் சொல். அச்சொல்லோ ‘பெனுஸ்’ என்பதோடு உறவுடையது. பெனுஸ் என்றால் வீட்டின் உள்ளறை, உணவு சேமித்து வைக்கும் அறை. உரோமர்கள் தமது வீட்டுத் தெய்வங்களைப் பெனாட்டீஸ் என்று அழைத்ததும் இந்த அறையை வைத்துத்தான். ஆகவே, இன்று காட்டுக்கும் கோட்டைக்கும் நாம் சூட்டும் இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது ஒரு வீட்டின் நெல் இருக்கும் அறை.

பாதை, பிடி, உள்ளறை. இந்த மூன்று வேர்களையும் மனதில் வைத்துக்கொண்டால் வன்னியின் மூன்று கதைகளைத் தனித்தனியே வாசிக்கலாம்.

2

தமிழில் இப்பொருளுக்குச் சொல் இல்லாமலில்லை. திருக்குறள் அரண் என்ற அதிகாரத்தில் நீரும் வெளிநிலமும் மலையும் நிழலடர்ந்த காடும் உடையதே அரண் என்கின்றது. அரணுக்கு வேண்டிய நான்கு குணங்களைச் சொல்லும்போது உயரம், அகலம், உறுதி ஆகியவற்றோடு ‘அருமை’ என்ற ஒன்றையும் சேர்க்கின்றது. நெருங்குவதற்கு அரியதாக இருத்தல் என்பது அதன் பொருள். இன்று நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல பாட்டுக்கும் நாம் சொல்லும் ‘அருமை’ ஒருகாலத்தில் பகைவன் புக முடியாமையைக் குறித்தது. சிலப்பதிகாரத்தின் கடினமான சொற்களுக்கு எழுதப்பட்ட பழைய உரையை அரும்பதவுரை என்கிறோம். கோட்டைக்கும் சொல்லுக்கும் ஒரே அடைமொழி. ஆனால் ஆங்கிலச் சொல் ‘முடியாது’ என்று கதவை மூடும் இடத்தில், தமிழ் ‘அரிது’ என்று மட்டும் சொல்கின்றது. அரியது என்றால் முயன்றால் கிட்டும். அரும்பதத்துக்கு உரை உண்டு. அருஞ்சுரத்துக்கு வழித்துணை உண்டு.

‘ஊடுருவுதல்’ அத்தகைய சொல்லாக இன்று இல்லை. யுத்தம் அதைக் கறைப்படுத்திவிட்டது. 2000களில் வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு ‘ஆழ ஊடுருவும் படையணி’ என்ற தொடர் எதைக் குறித்தது என்று விளக்க வேண்டியதில்லை. காட்டுப் பாதையில் பொருத்தப்பட்ட கிளைமோர், அதில் சிதறிய வாகனம், மறுநாள் பத்திரிகைச் செய்தி. ஒரு கவிதையை ‘ஊடுருவ முடியவில்லை’ என்று நம் விமர்சகர் எழுதும்போது, அறியாமலேயே வாசகனைப் படையணியாக்கி விடுகிறார்.

3

பாதையின் கதையிலிருந்து தொடங்குவோம். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் 1679இல் தப்பினார். நாடு திரிந்து சில்லறைப் பொருள் விற்பவராகப் பழகி, அனுராதபுரப் பக்கம் வந்து, மல்வத்து ஓயாவைப் பற்றிக்கொண்டு காட்டினூடாக நடந்து மன்னார்க் கரையிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார். 1681இல் வெளிவந்த அவரது நூல் காட்டின் பயங்கரத்தைச் சொல்கின்றது. அதே நூல் வழியில் தமிழ் பேசும் மக்கள் வாழ்ந்ததையும், அவர்களுக்கென ஒரு வன்னியத் தலைவன் இருந்ததையும் சொல்கின்றது. தப்பியோடியவனுக்குக் காடு, அங்கிருந்தவனுக்கு நாடு. ஒரே பக்கங்களில் இரண்டும் இருக்கின்றன.

உலர் வலயக் காட்டில் பெரும்பகுதி ஆதிக்காடு அல்ல. கைவிடப்பட்ட ஊர்கள் மீதும் குளங்கள் மீதும் பின்னர் வளர்ந்தது. வன்னி மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் தொகுத்து 1895இல் வெளியான கைந்நூல், காட்டுக்குள் கிடக்கும் குளங்களையும் ஊர்களையும் பற்றிய நூலும்தான். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் இடத்தில் அணைக்கட்டு இருக்கின்றது. காடு என்பது அங்கே ஒரு தொடக்கமல்ல. ஏற்கனவே நடந்த ஒன்றின் மீதான போர்வை.

உள்ளூரார் தம் நிலத்தை ‘அடங்காப்பற்று’ என்று அழைத்தார்கள். இம்பெனிட்ரபிள் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலச் சொல் வெளியே நிற்பவனின் இயலாமையை நிலத்தின் குணமாக எழுதுகின்றது. தமிழ்ப் பெயர் உள்ளே இருப்பவனின் மறுப்பை நிலத்தின் பெயராக எழுதுகின்றது.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்நாவலை இன்றும் நான் மதிப்பதற்குக் காரணம், அதில் காடு மர்மமாக இல்லை என்பதுதான். அங்கே வேட்டையாடுகிறார்கள், காடு வெட்டி விதைக்கிறார்கள், அன்பு கொள்கிறார்கள், வஞ்சிக்கப்படுகிறார்கள். காட்டின் இருட்டைக் காட்டி வாசகனை மிரட்டும் ஆசை ஆசிரியருக்கு இல்லை. காட்டுக்குள் இருப்பவன் காட்டை ஊடுருவுவதில்லை, அதில் நடமாடுகிறான்.

4

இரண்டாவது கதை பிடியின் கதை; கோட்டையின் கதை. ஆனையிறவுப் படைத்தளம் கைப்பற்ற முடியாதது என்று சொல்லப்பட்டது. 1991 யூலையில் புலிகள் நடத்திய பெரும் தாக்குதலை அது தாங்கி நின்றதால் அந்தச் சொல்லுக்கு வலிமை கூடியது. 2000 ஏப்ரலில் அது வீழ்ந்தது. பின்னர் சொல் கைமாறியது. கிளிநொச்சி வீழாது என்றார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி வீழ்ந்தது. அதே மாதத்தில் ஆனையிறவும் முல்லைத்தீவு நகரும் இராணுவத்திடம் வந்தன. மே மாதம் அனைத்தும் முடிந்தது. அந்த முடிவுக்குள் அகப்பட்ட மக்களுக்கு, உள்ளே வருவது கடினமாக இருந்த அரணே வெளியே போவதற்கும் கடினமான அரணாக இருந்தது. கோட்டையைப் பாடியவர்கள் எவரும் இந்த இரண்டாவது பொருளைப் பாடவில்லை.

சொற்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை லூயிஸ் கரோல் 1871இல் ஒரு குழந்தைக் கதையில் எழுப்பினார். மதிலின் மேல் அமர்ந்திருக்கும் முட்டை மனிதன் ஹம்ப்டி டம்ப்டி, சிறுமி ஆலிஸிடம் பேசிக்கொண்டிருக்கும்போது இதே சொல்லின் பெயர் வடிவத்தைத் திடீரென உச்சரிக்கிறான். அதற்கு என்ன பொருள் என்று அவள் கேட்க, இந்த விடயத்தைப் பேசியது போதும், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று சொல் என்பதே அதன் பொருள் என்கிறான். நான் விரும்பும் பொருளையே சொல் தரும். எசமான் யார் என்பதே கேள்வி என்பது அவன் கட்சி. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட இந்தப் பகுதி நம் சூழலில் நகைச்சுவையாக இல்லை. வடக்கில் முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் ‘அது சிக்கலான விடயம்’, ‘அந்தக் காலத்தை விளங்கிக்கொள்ள முடியாது’ என்று சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். முட்டை மனிதன் சொன்ன அதே பொருள்தான்: பேசியது போதும்.

5

பழைய பௌதிகவியல் நூல்களில் இச்சொல்லுக்கு நான்காவது ஒரு பொருள் உண்டு. சடப்பொருளின் பொதுக் குணங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள்: இரண்டு பொருட்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைக் கொள்ள முடியாது. கல்லுக்கும் இரும்புக்கும் இது சரி. மக்களுக்கு இதைப் பொருத்தும்போதுதான் அனர்த்தம் தொடங்குகின்றது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பீடு. யாழ்ப்பாணமும் மன்னாரும் அதிகம் பேசப்பட்டுள்ளன. முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், தண்ணீரூற்று, கிளிநொச்சி மாவட்டத்தின் நாச்சிக்குடா ஆகியவை அவ்வளவு பேசப்படவில்லை. தலைமுறைகளாக ஒரே குளத்து நீரில் விதைத்தவர்கள், ஒரே சந்தையில் விற்றவர்கள். ஒரே நிலத்தில் இருவர் இருக்க முடியாது என்ற சடப்பொருள் விதி அவர்கள் மீது பிரயோகிக்கப்பட்டது. கல்லின் குணத்தை மனிதருக்குக் கொடுத்த அரசியல் அது. சிங்களப் பேரினவாதமும் தமிழர்கள் மீது இதே விதியைத்தான் பிரயோகித்தது. அதை எதிர்த்து எழுந்த இயக்கம் அதே பாடநூலிலிருந்தே பாடம் படித்துக்கொண்டது என்பதுதான் துயரம்.

இந்த இடத்தில் நமது மரபு தரும் ஒரு வெளிச்சத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். இறைவனின் திருநாமங்களுள் ‘அஸ்ஸமத்’ என்பதைத் தமிழில் ‘தேவையற்றவன்’ என்று மொழிபெயர்க்கிறோம். முஜாஹித் உட்பட ஆரம்பகால விரிவுரையாளர்கள் சிலர் அதற்கு ‘உட்குழிவு இல்லாதவன்’ என்றும் பொருள் சொன்னதாகத் தப்ஸீர்கள் பதிவு செய்துள்ளன. உள்ளே வெற்றிடம் இல்லை, ஆகவே நிரப்ப வேண்டியதில்லை, உணவில்லை, பசியில்லை. அது அவனுக்கு மட்டுமே உரியது. மனிதன் குழிவுடையவன். உண்கிறான், கேட்கிறான், பிறர் சொல்லை உள்ளே வாங்குகிறான். ஓர் இயக்கமோ ஓர் அரசோ ஒரு சமூகமோ தன்னை எதுவும் புக முடியாத திண்மம் என்று கருதத் தொடங்கும்போது, அது தனக்கு உரியதல்லாத ஒன்றைக் கோருகின்றது.

அல்குர்ஆனில் ‘எங்கள் உள்ளங்கள் உறையிடப்பட்டவை’ என்ற கருத்தில் பேசுபவர்கள் வருகிறார்கள். காதில் அடைப்பு, நடுவில் திரை என்றும் சொல்கிறார்கள். அவ்வாறு சொல்பவர்கள் செவியேற்க மறுத்தவர்கள்தாம் என்பது கவனிக்கத்தக்கது. உறை இயற்கையாக அமைந்ததல்ல; மறுப்பின் விளைவு. ‘விளங்கவில்லை’ என்பது எப்போதும் அறிவின் குறைபாடு பற்றிய வாக்குமூலமாக இருப்பதில்லை. சிலவேளை அது ஓர் அதிகாரத்தின் சொகுசு.

6

மூன்றாவது கதை உள்ளறையின் கதை. 2009க்குப் பின்னர் புத்தளத்திலிருந்து திரும்பிப் பார்க்கப் போனவர்கள் கண்டது காடு. இருபது மழைக்காலங்கள் ஒரு கிணற்றடியை, ஒரு முற்றத்தை என்ன செய்யும் என்று வன்னியாருக்குச் சொல்லத் தேவையில்லை. கூரை இறங்கிய சுவருக்குள் பற்றை. பள்ளிவாசல் வளவில் மரம். அந்தப் பற்றைக்குள் தன் வீட்டின் நெல்லறை எங்கே இருந்தது என்று காலால் அளந்து சொல்லக்கூடிய முதியவர்கள் அப்போது இருந்தார்கள். இம்பெனிட்ரபிள் என்ற சொல்லின் வேருக்கு அவர்களைவிட நெருக்கமாக எந்த அகராதியும் போனதில்லை.

சட்டத்தின் கண்ணுக்கு அது காடாகத் தெரிந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வரும் மன்னாரின் முசலிப் பிரதேசத்தில் மரிச்சுக்கட்டி, கரடிக்குளி ஆகிய இடங்களை ஒட்டிய நிலம் 2012இல் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2017இல் மாவில்லு என்ற பெயரில் மேலும் விரிந்த பரப்பு பேணற் காடாக்கப்பட்டது. வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்ற பிரசாரம் தென்னிலங்கையில் பெரிதாக எழுந்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அப்பகுதியில் மீள்குடியேற்றத்துக்காக நடந்த காடழிப்பு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

காடு பேணப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மீள்குடியேற்றத்தின் பெயரால் வெட்டப்பட்ட ஒவ்வொரு மரத்தையும் நியாயப்படுத்த இங்கு முயலவும் இல்லை. நான் கேட்பது வேறு கேள்வி. ஓர் ஊரைவிட்டு மக்கள் துரத்தப்படுகிறார்கள். அவர்கள் இல்லாத காலத்தில் காடு வளர்கின்றது. வளர்ந்த காட்டைக் காட்டி, இங்கு ஊர் இருந்ததற்குச் சான்று என்ன என்று கேட்கப்படுகின்றது. வெளியேற்றமே வெளியேற்றத்தின் தடயத்தை மூடிவிடுகின்றது. இதில் அடைமொழி வகிக்கும் பங்கு சிறிதல்ல: ‘அடர்ந்த, ஊடுருவ முடியாத காடு’ என்று எழுதிய உடனேயே அங்கு எவரும் இருந்ததில்லை என்ற செய்தி எழுதாமலே எழுதப்பட்டுவிடுகின்றது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இடம்பெயர்ந்து திரும்பிய தமிழ் விவசாயிகளும் வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்களோடு இதே வாதத்தை நடத்த வேண்டியிருந்தது. இந்த ஒரு விடயத்திலாவது இரு சமூகத்தவரும் ஒரே கையெழுத்தில் மனு எழுதியிருக்கலாம். முள்ளியவளையில் முஸ்லிம்களுக்குக் காணி வழங்கும் பேச்சு எழுந்தபோது நடந்தது அதற்கு நேர்மாறானது.

7

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். இது விமர்சனப் பக்கம், ஆகவே நம்மையும் விசாரிக்க வேண்டும்.

நவீன கவிதை மீது ‘இருண்மை’ என்ற குற்றச்சாட்டு நீண்டகாலமாக உண்டு. சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ 1988இல் வந்தது. ‘காகம் கலைத்த கனவு’ 1991இல். அவருடைய படிமங்கள் விளங்கவில்லை என்றவர்கள் இருந்தார்கள். ஆனால் இரண்டு பக்கத்துத் துவக்குகளுக்கும் இடையில் இருந்த கிழக்கில், நேராகச் சொல்ல முடியாததைக் காகமும் பூனையும் சொல்ல வேண்டியிருந்தது என்பதை இன்று எவரும் விளங்கிக்கொள்ளலாம். அந்த அருமைக்கு ஓர் உள் இருந்தது. உரை எழுதக்கூடிய அருமை அது. அதன் பின்னர் வந்த பலரிடம் காணப்படுவதோ வேறு வகை. அச்சமும் இல்லை, மறைக்க வேண்டிய செய்தியும் இல்லை. கோட்பாட்டுச் சொற்களின் வேலி மட்டும் உண்டு. வேலிக்குள் எட்டிப் பார்த்தால் வளவு வெறுமையாக இருக்கின்றது. இதை இருண்மை என்று கௌரவிக்க வேண்டியதில்லை.

இன்னொரு புறத்தில், முஸ்லிம் எழுத்தாளர்களின் கதைகளில் வரும் அறபுச் சொற்களும் வீட்டுப் பேச்சும் விளங்கவில்லை என்ற முறைப்பாடு. ‘வாப்பா’, ‘ஹயாத்து’, ‘மௌத்து’ என்ற சொற்களுக்கு அடிக்குறிப்புக் கேட்பவர்கள், இலத்தீன் அமெரிக்க நாவல்களின் மொழிபெயர்ப்பில் வரும் ஊர்ப் பெயர்களையும் உணவுப் பெயர்களையும் குறிப்பில்லாமலே வாசித்துவிடுகிறார்கள். தூரத்து அந்நியம் அழகியல்; பக்கத்து வீட்டு அந்நியம் குறைபாடு. ம. மு. உவைஸ் நீண்டகாலம் உழைத்தது இந்தக் கதவு உண்மையில் பூட்டப்படவில்லை என்று காட்டத்தான்.

ஆனால் வடபுல முஸ்லிம்களின் துயரத்தைப் பாடிய நம் கவிதைகளிலும் ஒரு குறை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ‘அகதி’, ‘இரவு’, ‘இழப்பு’ என்ற பொதுச் சொற்களோடு நின்றுவிடுகின்றன. எந்த ஊர், எந்தக் குளம், எந்த ஒழுங்கை, யாருடைய வளவு என்ற விபரம் இல்லை. பொதுவான அழுகைக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. அது எவரையும் குற்றம் சாட்டாது, எந்தக் காணியையும் அடையாளம் காட்டாது. கவிஞர்கள் விட்ட இந்த வேலையைப் புவியியலாளர் ஒருவர் செய்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், 2018இல் மறையும் வரை, வடக்கு முஸ்லிம் ஊர்களின் இடங்களையும் இழப்புகளையும் தொகுத்துக்கொண்டிருந்தார். 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளியேற்றப்பட்டவர்களின் வாய்மொழியை எடுத்துக்கொண்டது. இவை இலக்கியமல்ல என்று சொல்லலாம். ஆயினும் நெல்லறை இருந்த இடத்தைக் காட்டியதில் நம் கவிதைத் தொகுதிகள் பலவற்றைவிட இவை முன்னே நிற்கின்றன.

ஆகவே என் முன்மொழிவு மிக எளிமையானது. மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஆங்கிலச் சொல்லை எதிர்கொள்ளும் போதெல்லாம் மூன்று கேள்வி கேட்கட்டும். பாதை இல்லையா, பிடிக்க முடியவில்லையா, உள்ளே இருப்பது தெரியவில்லையா? விடைக்கேற்ப ‘வழியற்ற’, ‘பிடிக்கவியலாத’, ‘உட்புக அரிய’ என்று எழுதலாம். நான்காவதாக, ‘யாருக்கு?’ என்றும் கேட்க வேண்டும். அந்த வேற்றுமை உருபு சேராத வரையில் இச்சொல் ஒரு வாக்கியத்தையும் முழுமையாக்குவதில்லை.

எழுதுபவர்களிடம் வேறொன்றைக் கேட்கிறேன். நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் பிறந்து புத்தளத்தில் முதுமையடைந்தவர்களில் இன்று எஞ்சியிருப்போர் சிலரே. அவர்களுடைய குளக்கட்டுப் பெயர்கள், வயல் துண்டங்களின் பெயர்கள், காட்டுவழியில் தங்கிய மரங்களின் பெயர்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு கவிதையை ஒத்திவைத்துவிட்டு அந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அவை இருக்கும்வரை அந்தக் காட்டுக்குள் போக வழி இருக்கும்.